ஏழாம் அத்தியாயம்: ஒரு இன்ச் இறக்கம், நேரான சக்கரம்

வண்டியை இறக்கும் ஆசை வந்ததும் ஒரு அளவு டேப்பையும் ஒரு நேரான மரச்சட்டத்தையும் எடுத்துக்கொண்டு, தினமும் நீங்கள் போய்வரும் பாதையில் உள்ள வேகத்தடைகளை அளந்துவிட்டு வாருங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து காரமடைப் பக்கம் போகிறவருக்கு ஒரு பாதை, சிறுமுகைப் பக்கம் போகிறவருக்கு ஒரு பாதை, கல்லாறு தாண்டி மலை ஏறுகிறவருக்கு வேறொரு பாதை. எந்த ஸ்பிரிங் வாங்குவது, எவ்வளவு இறக்குவது என்பதற்கெல்லாம் பதில் அந்தப் பாதையில்தான் கிடக்கிறது. ஸ்பிரிங் விற்கிறவருக்கு உங்கள் பாதை தெரியாது.

இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவுப்படி ஒரு வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் நடுவில் 10 சென்டிமீட்டர் உயரமும் இருக்க வேண்டும். 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் ஒரு துண்டை வெட்டி வைத்ததுபோல மெல்ல ஏறி மெல்ல இறங்க வேண்டும். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கிற வண்டிகளை மனதில் வைத்துச் சொன்ன அளவு அது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையில் 2.45 மீட்டர் உள்ள ஒரு சின்னக் காரை அதன்மேல் நிறுத்தினால் நான்கு சக்கரங்களும் மேட்டின் மேலேயே நிற்கும். சக்கரங்கள் நிற்கிற இடத்தைவிட உச்சி நாலரை சென்டிமீட்டர்தான் உயரம். 17 சென்டிமீட்டர் தரை இடைவெளி உள்ள வண்டியில் நாலு சென்டிமீட்டர் இறக்கியிருந்தாலும் அடிவயிறு தப்பிவிடும்.

தெருக்களில் நாம் பார்க்கிற மேடுகள் பல இந்த அளவில் இல்லை. ஒரு மீட்டர் அகலத்தில் 15 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஜல்லியைக் கொட்டி இழுத்த மேடு என்று வையுங்கள். முன் சக்கரம் அந்தப் பக்கம் இறங்கியிருக்கும், பின் சக்கரம் இன்னும் ஏறியிருக்காது. 15 சென்டிமீட்டரும் முழுசாக வண்டியின் வயிற்றுக்கு நேராக நிற்கும். 17இல் மிச்சம் 2. ஐந்து பேர் உட்கார்ந்தால் அந்த இரண்டும் போய்விடும். கம்பெனியிலிருந்து வந்தபடியே உள்ள வண்டிக்கே இந்தக் கதி என்றால், உங்கள் தெருமுனையில் அப்படி ஒரு மேடு இருக்கும்பட்சத்தில் இந்த அத்தியாயத்தின் பின்பாதியை மட்டும் படியுங்கள். சக்கரத்தை நேர்பார்ப்பது இறக்காத வண்டிக்கும் வேண்டிய வேலைதான்.

அளப்பது எளிது. மரச்சட்டத்தை மேட்டின் உச்சியில் குறுக்கே வைத்து ரசமட்டம் பார்த்து நேராகப் பிடியுங்கள். இரண்டு பக்கமும் உங்கள் வண்டியின் அச்சு இடைவெளியில் பாதி தூரம் தள்ளி, சட்டத்திலிருந்து சாலை எவ்வளவு கீழே இருக்கிறது என்று அளந்தால், வயிற்றுக்கு எதிரே நிற்கப்போகும் உயரம் கிடைத்துவிடும். உங்கள் பாதையிலேயே மோசமான மேட்டின் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டால் போதும். வீட்டு வாசலில் சாக்கடைமேல் போட்ட சாய்தளத்தையும் விட்டுவிடாதீர்கள். பல பம்பர்கள் உடைவது அங்கேதான்.

நம் பக்கத்தில் எவ்வளவு இறக்கினார்கள்

கோயம்புத்தூருக்கு இந்த விஷயத்தில் பழைய பழக்கம் உண்டு. மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தய வண்டியை உருவாக்கிய எஸ். கரிவர்தன் இந்த ஊர்க்காரர். 1995இல் விமான விபத்தில் இறந்தார். அவர் பெயரில்தான் செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே 2003இல் வந்தது. 2.1 கிலோமீட்டர் ஓடுதளம். அங்கே ஓடுகிற ஃபார்முலா வண்டியின் அடிப்பக்கம் தரையைத் தொட்டுவிடும்போல இருக்கும். அதைப் பார்த்துவிட்டு வருகிற பிள்ளைகளுக்குத் தங்கள் வண்டியையும் அப்படியே தாழ்த்த ஆசை வருவது இயல்பு. அந்த ஓடுதளத்தில் வேகத்தடை இல்லை, சாக்கடை மூடி இல்லை, சாலையில் தண்ணீர்க் குழாய்க்குத் தோண்டி மூடிய பள்ளம் இல்லை. சக்கரம் மேலே ஏறி இறங்க அங்கே மிகக் கொஞ்சம் இடம் போதும்.

நம் சாலைக்கு இறக்கினால் எவ்வளவு என்பதற்கும் கோயம்புத்தூரிலேயே ஒரு பதில் இருக்கிறது. ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ் டாடா மோட்டார்ஸோடு சேர்ந்து 2018 அக்டோபரில் டியாகோ ஜேடிபி, டிகோர் ஜேடிபி என்ற வண்டிகளைக் கொண்டுவந்தது. 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், 114 குதிரைத்திறன். பந்தய வண்டி கட்டிப் பழகிய கைகள் அவை. எவ்வளவு வேண்டுமானாலும் இறக்கத் தெரிந்தவர்கள். அவர்கள் இறக்கியது 4 மில்லிமீட்டர். 170 என்றிருந்த தரை இடைவெளி 166 ஆனது, அவ்வளவுதான். வளைவில் வண்டி ஒட்டி நிற்க வேண்டும் என்பதற்கு அவர்கள் ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் திருத்தினார்கள், அகலமான டயர் போட்டார்கள். உயரத்தில் கை வைக்கவில்லை என்றே சொல்லலாம். வண்டியை இறக்குவது பற்றி என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த 4 மில்லிமீட்டர் கதையைத்தான்.

அந்த அளவுக்குக் கட்டுப்படச் சொல்லவில்லை. மேட்டுப்பாளையத்தில் இருந்துகொண்டு குடும்பத்தோடு ஓட்டுகிற வண்டிக்கு ஒரு இன்ச், அதாவது 25 மில்லிமீட்டர், என் வரம்பு. கடையில் 30, 35, 40 என்று ஸ்பிரிங் கிடைக்கிறது. மலை ஏறாதவர், வழியில் ஒழுங்கான வேகத்தடைகள் மட்டுமே உள்ளவர், 30 வரை போகலாம். அதற்குமேல் நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

மலையைத் தனியாகச் சொல்ல வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் போவதற்குள் சுமார் 1,500 மீட்டர் உயரம் ஏறுகிறோம். 14 கொண்டை ஊசி வளைவுகள். அதே மலையைக் கல்லாறிலிருந்து ஏற ரயிலுக்குப் பல்தண்டவாளம் தேவைப்படுகிறது, 12க்கு 1 என்ற சரிவு. சீசனில் குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்க வேண்டியிருக்கும். இறக்கத்தில் கொஞ்சம் அழுத்தி பிரேக் பிடித்தாலே 1,000 கிலோ வண்டியில் அறுபது எழுபது கிலோ பின்னாலிருந்து முன்னால் வந்து உட்காருகிறது. மூக்கு ஒன்றரை சென்டிமீட்டர் போலத் தாழும். அதே நொடியில் ஸ்டியரிங்கை ஒடித்தால் வெளிப்பக்க முன் சக்கரம் இன்னும் தாழும். பின் இருக்கையில் மூன்று பேர், டிக்கியில் மூட்டை. இத்தனையும் போக ஷாக்கில் மிச்சம் எவ்வளவு இருக்கிறதோ அதுதான் வழியில் வரும் குழிக்கு. இறக்கி இறக்கி அந்த மிச்சத்தையும் தின்றுவிட்டால், ஷாக்கின் ஓட்டம் முடியும் இடத்தில் உள்ள ரப்பர் முட்டு அடிவாங்கும். ரப்பர் முட்டில் உட்கார்ந்த சக்கரத்துக்கு ஸ்பிரிங் கிடையாது, வளைவில் அது அப்படியே வழுக்கும்.

ஒரு நாள் ஒரு பையன் வந்தான். "அண்ணா, இன்னும் ஒரு சுத்து எறக்கிருங்கண்ணா, பாக்க நல்லா இருக்குமுங்க" என்றான். பட்டறையில் இருந்த மூத்தவர் அவனிடம், "ஏனுங்க தம்பி, அம்மா அப்பாவ உக்கார வச்சுட்டு வனபத்ரகாளியம்மன் கோயிலுக்குப் போவீங்கல்ல? அவுங்களையும் கூட்டிட்டு வாங்க. ஏத்தி வச்சு அளந்துட்டு அப்பறம் பேசலாமுங்க" என்றார். மறுநாள் அவன் அவர்களைக் கூட்டிவந்தான். காலி வண்டியில் ஒரு அளவு, எல்லோரும் ஏறிய பின் ஒரு அளவு. பின்பக்கம் மட்டும் மூன்றரை சென்டிமீட்டர் வித்தியாசம். அவனே அரை இன்ச் போதும் என்று சொல்லிவிட்டான்.

கையை நீட்டிப் பாருங்கள்

வண்டி இறங்கினால் சக்கரத்தின் நேர் ஏன் கெடுகிறது என்பதை உங்கள் கையை வைத்தே தெரிந்துகொள்ளலாம். வலது கையைப் பக்கவாட்டில் நீட்டுங்கள், விரல்கள் தோளைவிடக் கொஞ்சம் தாழ இருக்கட்டும். தோள் வண்டியின் அடிச்சட்டம். கை லோயர் ஆர்ம். விரல்நுனி பால் ஜாயின்ட். கையை மெல்ல உயர்த்துங்கள். தோள் மட்டத்துக்கு வரும்வரை விரல்நுனி உடம்பைவிட்டு வெளியே நகரும். மட்டத்தைத் தாண்டியதும் மறுபடி உள்ளே வரும்.

சின்னக் கார்களில் முன்பக்கம் பெரும்பாலும் மேக்ஃபர்சன் ஸ்ட்ரட். ஷாக்கின் தலை பாடியில் மாட்டியிருக்கிறது, அது பக்கவாட்டில் நகராது. கீழே பால் ஜாயின்ட் வெளியே போனால் சக்கரத்தின் அடி வெளியே தள்ளி, தலை உள்பக்கம் சாய்கிறது. நெகடிவ் கேம்பர் என்பது இந்தச் சாய்வு. ஒரு இன்ச் இறக்கத்தில் பல வண்டிகளில் ஆர்ம் மட்டத்தை நெருங்கி நிற்கும். கேம்பர் கொஞ்சம் கூடும், வளைவுக்கு அது நல்லதே. இரண்டரை இன்ச் இறக்கினால் ஆர்ம் மட்டத்தைத் தாண்டி, சக்கரப் பக்கம் மேல்நோக்கி நிற்கும். அதன்பிறகு வளைவில் வண்டி சாயச்சாய, வெளிச்சக்கரத்தின் அடி உள்ளே இழுபடுகிறது. கேம்பர் எப்போது வேண்டுமோ அப்போது இல்லாமல் போகிறது.

இன்னொன்று பலருக்கும் நம்பச் சிரமமாக இருக்கும். அளவுக்கு மேல் தாழ்த்திய வண்டி வளைவில் குறைவாகச் சாயும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். வண்டி பக்கவாட்டில் சாயும்போது ஒரு புள்ளியைச் சுற்றித்தான் உருள்கிறது. அந்தப் புள்ளி எங்கே இருக்கும் என்பதை லோயர் ஆர்மின் சாய்வு தீர்மானிக்கிறது. பாடி இரண்டு இன்ச் இறங்கினால், அந்தப் புள்ளி அதைவிட அதிகமாக இறங்கிவிடும். பாடியின் கனத்துக்கும் அந்தப் புள்ளிக்கும் நடுவே தூரம் கூடுகிறது. நெம்புகோல் நீளமானால் என்ன ஆகும்? அதே கனம் இன்னும் சுலபமாக வண்டியைச் சாய்க்கும்.

ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டை ராட் இன்னொரு கை, வேறு நீளம், வேறு தோள். லோயர் ஆர்ம் போகிற வளைவும் டை ராட் போகிற வளைவும் கம்பெனி வைத்த உயரத்தில் ஒத்துப்போகும். உயரம் மாறினால் ஒன்றையொன்று இழுக்கும், சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பிக்கொள்ளும். எந்தப் பக்கம் என்பது ஸ்டியரிங் ரேக் அச்சுக்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பதைப் பொறுத்து வண்டிக்கு வண்டி மாறும். இதைத்தான் டோ என்கிறோம். சக்கரங்களின் முன்பக்கம் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு உள்ளே திரும்பியிருந்தால் டோ-இன், விலகி வெளியே திரும்பியிருந்தால் டோ-அவுட்.

டயரைத் தின்பதில் கேம்பரைவிட டோ பெரிய கள்ளன். கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 600 மில்லிமீட்டர் விட்டமுள்ள டயரில் மொத்தம் 3 மில்லிமீட்டர் டோ தவறு என்றால் ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒன்றரை. ஒன்றரையை 600ஆல் வகுத்தால் 400இல் ஒரு பங்கு. வண்டி ஒரு கிலோமீட்டர் போனால் அந்த டயர் இரண்டரை மீட்டர் பக்கவாட்டில் தேய்த்துக்கொண்டு போகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து கோவைக்கு 35 கிலோமீட்டர் என்றால் எண்பத்தைந்து மீட்டருக்கு மேல் டயரைத் தார்ச்சாலையில் குறுக்கே இழுத்ததற்குச் சமம். அதோடு நெகடிவ் கேம்பரும் சேர்ந்தால் தேய்மானம் முழுக்க உள்ஓரத்தில் விழும். வெளியிலிருந்து பார்த்தால் டயர் புதுசு மாதிரியே இருக்கும், உள்ளே கம்பி தெரியும்.

வெட்டாதீர்கள்

என் முதல் மாருதி 800இன் முன் ஸ்பிரிங்கை ஒரு பட்டறையில் ஒரு சுற்று வெட்டிப் போட்டுக்கொண்டேன். அன்று சாயங்காலம் வண்டி பார்க்க அழகாகத்தான் இருந்தது. நாலு மாதத்தில் முன் டயர்களின் உள்ஓரம் வழுவழுப்பானது. அது பரவாயில்லை. கோத்தகிரியிலிருந்து இறங்கும்போது ஒரு குழியில் இடது முன் சக்கரம் விழுந்து எழுந்தது, டங்கென்று ஒரு சத்தம், ஸ்டியரிங் இடது பக்கம் இழுத்தது. குஞ்சப்பனை பக்கம் ஓரங்கட்டிப் பார்த்தால் ஸ்பிரிங் தன் தட்டிலிருந்து விலகி டயர்ப்பக்கம் திரும்பி நின்றது. என் மனைவியும் கைக்குழந்தையும் வண்டியில் இருந்தார்கள். இந்த அத்தியாயத்தை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்கு அந்த மாலைதான் காரணம்.

ஸ்பிரிங் விலகியது ஏன் என்று அப்புறம்தான் புரிந்தது. கம்பெனி ஸ்பிரிங்கின் நீளம், சக்கரம் முழுசாகத் தொங்கும்போதும் இரண்டு தட்டுகளுக்கும் நடுவே இறுக்கமாக இருக்கும்படி வைத்தது. வெட்டினால் அந்த இறுக்கம் போய்விடும். சக்கரம் குழியில் தொங்கும் நேரத்தில் ஸ்பிரிங் ஆடும், நகரும். அதோடு ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று தட்டில் உட்காருவதற்காகவே மடக்கிச் செய்தது. வெட்டிய முனை அப்படி உட்காராது. விறைப்பும் மாறுகிறது. வேலை செய்கிற சுற்றுகள் ஐந்து இருந்து ஒன்றை எடுத்தால் நாலு, விறைப்பு கால் பங்கு கூடிவிடும். பழைய ஷாக் அந்த விறைப்பை அடக்கச் செய்ததல்ல, வண்டி குதிக்கும். கேஸ் அடித்துச் சூடாக்கி உட்காரவைப்பது இதைவிட மோசம். ஸ்பிரிங் எஃகின் பதமே அதன் உயிர், நெருப்பு காட்டினால் அந்த இடத்தில் பதம் போய், என்றைக்கோ ஒரு நாள் அங்கேயே உடையும்.

உங்கள் வண்டி மாடலுக்கென்றே சுற்றிய, குறைந்த நீளமும் கொஞ்சம் கூடுதல் விறைப்பும் உள்ள ஸ்பிரிங் வாங்குங்கள். ஷாக் 50,000 கிலோமீட்டர் ஓடியிருந்தால் அதையும் சேர்த்து மாற்றுங்கள். உயரம் மாற்றும் வசதியுள்ள காயில்ஓவர் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சில மாடல்களில் ஸ்பிரிங் தட்டைத் திருகித்தான் உயரத்தைக் குறைக்க முடியும், அதில் ஷாக்கின் ஓட்டமும் குறையும். அடிப்பாகத்தைத் தனியாகத் திருகி உயரம் மாற்றுகிற வகையில் ஓட்டம் அப்படியே இருக்கும். விலை கூடினாலும் இரண்டாவதுதான் நம் சாலைக்கு.

வேலை நாள்

ஸ்பிரிங் கம்ப்ரஸர் இல்லாமல் ஸ்ட்ரட்டின் தலை நட்டைக் கழற்றாதீர்கள். கழற்றுகிறவர் முகத்துக்கு நேராக நட்டு வரும், தலை உடையும். கம்ப்ரஸரின் இரண்டு கொக்கிகளும் எதிரெதிரே, சம அளவில், கையால் மாறிமாறி இறுக்க வேண்டும். இந்த வேலையைச் செய்து பழகாதவர் ஸ்ட்ரட்டை வெளியே எடுப்பதோடு நிறுத்தி, ஸ்பிரிங் மாற்றுவதை மட்டும் பழகிய ஆளிடம் கொடுத்து வாங்குவது நல்லது.

வேலை தொடங்குமுன் நாலு சக்கரத்திலும் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்று ஏமாற்றும்.

லோயர் ஆர்மின் புஷ் விஷயத்தில்தான் நல்ல பட்டறைகளும் தவறுகின்றன. புஷ்ஷின் ரப்பர் உள்குழாயோடும் வெளிக்குழாயோடும் ஒட்டியது, திருகப்பட்டுத்தான் வேலை செய்யும். வண்டி ஜாக்கில் தொங்கும்போது ஆர்ம் போல்ட்டை இறுக்கினால், அந்தத் தொங்கிய நிலையையே ரப்பர் தன் ஓய்வு நிலை என்று எடுத்துக்கொள்ளும். கீழே இறக்கியதும் நிரந்தரமாகத் திருகி நிற்கும், ஆறு மாதத்தில் கிழியும். ஸ்பிரிங் மாற்றியதும் புஷ் போல்ட்டுகளைத் தளர்த்திவிட்டு, வண்டியைச் சக்கரத்தில் நிறுத்தி, ஐந்தாறு முறை அமுக்கி ஆட்டி, சக்கரத்தின் மேல் கனம் இருக்கும்போது இறுக்குங்கள். பின் ஆக்சில் பீமின் புஷ்ஷுக்கும் இதேதான்.

ஏபிஎஸ் இல்லாத பழைய வண்டிகள் சிலவற்றில் பின் அச்சுக்கும் பாடிக்கும் நடுவே ஒரு கம்பி, அதன் மறுமுனையில் பிரேக் வால்வு இருக்கும். வண்டியில் கனம் ஏறிப் பின்பக்கம் தாழ்ந்தால் பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் கொடுக்கச் சொல்லும் ஏற்பாடு அது. ஸ்பிரிங் போட்டுப் பின்பக்கத்தைத் தாழ்த்தினால் வால்வு எப்போதும் பாரம் இருப்பதாக நினைத்துக்கொள்ளும். மழையில் காட் ரோடு இறங்கும்போது பின் சக்கரம் முதலில் பூட்டி வண்டி சுழலும். அந்தக் கம்பியை சர்வீஸ் கையேட்டின்படி திருத்தாமல் வண்டியை வெளியே எடுக்காதீர்கள். முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே அளவு இறங்கவில்லை என்றால் ஹெட்லைட்டின் நோக்கும் மாறியிருக்கும். அன்று இரவே சுவரில் அடித்துப் பார்த்துத் திருத்திவிடுங்கள்.

நூலும் தூக்குக்குண்டும்

அலைன்மென்ட் கடைக்குப் போகுமுன் வீட்டிலேயே ஒரு நேர் பார்த்துவிட வேண்டும். புது ஸ்பிரிங் போட்ட வண்டியை டோ எங்கே நிற்கிறது என்று தெரியாமல் ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. கொத்தனாரிடம் இருக்கிற சாமான்களே போதும்: நைலான் நூல், தூக்குக்குண்டு, தண்ணீர் டியூப். மில்லிமீட்டர் கோடு தெளிவாக உள்ள எஃகு ஸ்கேல் ஒன்று வேண்டும்.

நாலு சக்கரமும் நிற்கிற இடம் ஒரே மட்டமா என்று தண்ணீர் டியூப் வைத்துப் பாருங்கள். தாழ்ந்த இடத்தில் ஓடு, டைல்ஸ் துண்டு எதையாவது வைத்துச் சரிசெய்யுங்கள். டயர்களில் காற்று சரியான அளவு, டேங்க்கில் பாதி பெட்ரோல், டிக்கியில் எப்போதும் இருப்பது மட்டும். ஜாக்கிலிருந்து இறக்கிய சக்கரம் உள்ளே மடங்கியபடி நிற்கும். வண்டியை ஐந்து மீட்டர் முன்னால் தள்ளி, பின்னால் தள்ளி, அமுக்கிவிட்டால்தான் தன் இடத்தில் உட்காரும். முன் டயருக்கு அடியில் இரண்டு பிளாஸ்டிக் ஷீட்டை நடுவே கிரீஸ் தடவிப் போட்டால் டை ராடைத் திருகும்போது டயர் தரையைப் பிடித்துக்கொள்ளாது.

வண்டியின் இரண்டு பக்கமும் சக்கர மையத்தின் உயரத்தில் நூல் கட்டுங்கள். கல், ஸ்டூல், எது கிடைத்தாலும் சரி, நூல் வண்டியின் முன்னும் பின்னும் ஒரு முழம் நீண்டிருக்கட்டும். இரண்டு நூலுக்கும் இடையே உள்ள தூரம் முன்னாலும் பின்னாலும் ஒன்றாக இருக்க வேண்டும். முன் சக்கர மையத்திலிருந்து நூல் வரை இடமும் வலமும் ஒரே அளவு, பின் சக்கரத்திலும் அப்படியே. முன் அளவும் பின் அளவும் ஒன்றுக்கொன்று வேறுபடலாம், பல வண்டிகளில் முன்பின் சக்கர அகலம் ஒன்றல்ல. இதைச் சரியாகச் செய்ய அரைமணி நேரம் பிடிக்கும். பொறுமையாகச் செய்யுங்கள், மற்றதெல்லாம் இதன்மேல்தான் நிற்கிறது.

ஸ்டியரிங்கை இடது கடைசிக்கும் வலது கடைசிக்கும் திருப்பி, சுற்றுகளை எண்ணி, சரிபாதியில் நிறுத்திக் கட்டுங்கள். இப்போது ரிம்மின் முன்விளிம்பிலிருந்து நூலுக்கு ஒரு அளவு, பின்விளிம்பிலிருந்து நூலுக்கு ஒரு அளவு. முன்விளிம்பு நூலைவிட்டு அதிகம் தள்ளியிருந்தால் டோ-இன், குறைவாக இருந்தால் டோ-அவுட். இரண்டு பக்க வித்தியாசத்தையும் கூட்டினால் மொத்த டோ. கையேட்டில் உங்கள் மாடலுக்கு எந்த எண் இருக்கிறதோ அதையே பிடியுங்கள், கையேடு டயர் விட்டத்தில் சொல்கிறதா ரிம்மில் சொல்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டை ராடின் லாக் நட்டைத் தளர்த்தி, ரப்பர் பூட் முறுக்கிக்கொள்ளாமல் அதன் கிளிப்பையும் விடுவித்து, இரண்டு பக்கமும் சமமாகத் திருகுங்கள். ஒரு பக்கம் மட்டும் திருகினால் டோ சரியாகி ஸ்டியரிங் கோணலாகிவிடும். கால் சுற்று திருகினாலே ரிம்மில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மாறும், எனவே கொஞ்சம் கொஞ்சமாக. ரேக் அச்சுக்குப் பின்னால் உள்ள வண்டியில் டை ராடை நீட்டினால் டோ-இன் கூடும், முன்னால் உள்ளதில் குறையும்.

கேம்பருக்குத் தூக்குக்குண்டு. மட்கார்டிலிருந்து குண்டைத் தொங்கவிட்டு, ரிம்மின் மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் நூலிலிருந்து எவ்வளவு என்று பாருங்கள். 15 இன்ச் ரிம்மில் விளிம்புக்கு விளிம்பு சுமார் 400 மில்லிமீட்டர், 7 மில்லிமீட்டர் வித்தியாசம் என்றால் ஒரு டிகிரி. ஒரு இன்ச் இறக்கத்தில் அரை டிகிரி முதல் ஒரு டிகிரி வரை நெகடிவ் கூடியிருந்தால் கவலைப்பட வேண்டாம். இடமும் வலமும் அரை டிகிரிக்கு மேல் வேறுபட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், அதைத்தான் சரிசெய்ய வேண்டும்.

கடையில்

இதன்பின் கம்ப்யூட்டர் அலைன்மென்ட்டுக்குப் போங்கள். வண்டி இறக்கியது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். முன் பின் அளவு இரண்டையும் அச்செடுத்துக் கேளுங்கள். கேம்பர் சிவப்பில் காட்டினால் சில கடைகளில் ஜாக்கி வைத்து ஸ்ட்ரட்டையே வளைத்துப் பச்சைக்குக் கொண்டுவருவார்கள். அதற்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். வளைந்த ஷாக்கின் தண்டு உள்ளே உரசி எண்ணெய் கசியும். ஸ்ட்ரட்டும் சக்கரத்தைத் தாங்கும் நக்கிளும் சேரும் இடத்தில் போடுகிற கேம்பர் போல்ட் தனியாகக் கிடைக்கிறது, அதன் தலையைத் திருப்பினாலே சாய்வு மாறும். பல சின்னக் கார்களில் பின்பக்கம் ஒற்றை பீம், அதில் திருத்துவதற்கு எதுவும் இல்லை. பின் அளவு கெட்டிருந்தால் பீம் எங்கோ அடிவாங்கியிருக்கிறது என்று பொருள்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்றிதழ் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்று எழுதியிருக்கிறது. டி.என். 40 பதிவெண் வைத்திருப்பவர் மேட்டுப்பாளையம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டே ஸ்பிரிங் வாங்குங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள், விபத்துக்குப் பிறகு தெரிவித்துப் பயனில்லை. பழைய ஸ்பிரிங்குகளை எண்ணெய் தடவிச் சாக்கில் கட்டி வையுங்கள், திருப்பிப் போட வேண்டிவந்தால் தேடக் கூடாது.

மலை ஏறி இறங்கிய பின்

புது ஸ்பிரிங் முதல் சில நூறு கிலோமீட்டரில் இன்னும் கொஞ்சம் உட்காரும். எனவே முதல் நாள் பார்த்த நேர் கடைசி நேர் ஆகாது. 500 கிலோமீட்டரில் நாலு மூலையும் மறுபடி அளந்து, நூலையும் மறுபடி கட்டுங்கள்.

அதற்குமுன் ஒரு சோதனை. ஷாக் தண்டில் ஒரு சின்ன நைலான் டையை இறுக்கிக் கட்டி, கீழே ஷாக்கின் உடம்பைத் தொடும்படி தள்ளி வையுங்கள். பழக்கமான பாரத்தோடு குன்னூர் ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கி வாருங்கள். வேகம் வேண்டாம், எப்போதும் போவதுபோலப் போங்கள். சக்கரம் மேலே ஏறியபோதெல்லாம் ஷாக்கின் உடம்பு அந்த டையைத் தள்ளியிருக்கும். வீட்டுக்கு வந்து பார்க்கும்போது அது ரப்பர் முட்டுக்கு ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் கீழேயே நின்றிருந்தால் உங்கள் உயரம் இந்த மலைக்குப் பொருந்துகிறது. ரப்பரோடு ஒட்டி நசுங்கியிருந்தால் உயரத்தைக் கூட்டுங்கள் அல்லது பழைய ஸ்பிரிங்கைப் போடுங்கள்.

பிறகு மாதத்துக்கு ஒரு முறை, காற்று அடிக்க நிறுத்தும்போது, முன் டயரின் மேல் உள்ளங்கையை வைத்து வெளியிலிருந்து உள்ளே ஒரு தடவை, உள்ளிருந்து வெளியே ஒரு தடவை தடவுங்கள். உள்ளே போகும்போது வழுவழுப்பாகவும் வெளியே வரும்போது சொரசொரப்பாகவும் இருந்தால் டோ-இன் கூடிவிட்டது. மாறி இருந்தால் டோ-அவுட். உள்ஓரத்தை விரலால் தொட்டுப் பார்க்கவும் மறக்காதீர்கள், அது கண்ணுக்குத் தெரியாத பக்கம். கையில் வித்தியாசம் தட்டுப்பட்ட அன்றைக்கே நூலை எடுங்கள்.